தானாக ஒலிக்கும் தொடு சுவர்: முதலில் எர்த்தைப் பாருங்கள்

தொட்டால் ஒலிக்கும்படி நீங்கள் செய்த, வீட்டில் ஒழுங்காக இருந்த செம்புத் தகட்டுச் சுவர், அரங்கில் கூட்டம் சேர்ந்ததும் யாரும் தொடாமலே ஒலிக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் புரோகிராம் கோடில் பிழை இருக்காது. மின்சாரப் பக்கம்தான் பாருங்கள்.

தொடுகையை உணரும் எம்பிஆர்121 சிப் அளப்பது, கை பட்டதும் தகட்டில் ஏற்படும் மிகச் சிறிய மின்தேக்க (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) மாற்றத்தை. இரண்டு பின் அடாப்டரில் எர்த் இல்லாததால் அளவீடு மிதக்கும். மூன்று பின் சப்ளைக்கு மாற்றி, அதன் நெகட்டிவ் எர்த்தோடு இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் சரிபாருங்கள். தகட்டுக்குப் போகும் வயர் நீளமாக இருந்தால் அதுவே ஆன்டெனாவாகி, பக்கத்தில் நடப்பவரையும் தொடுகையாகக் காட்டும். சிப்பைத் தகட்டின் பின்னாலேயே வைத்து, வயரை 30 செ.மீ.க்குள் முடியுங்கள். பிறகும் அடங்காவிட்டால் கோடில் தொடு வரம்பை (அளவீடு எவ்வளவு மாறினால் தொடுகை என்று எடுப்பது) 12இலிருந்து 20க்கும், விடு வரம்பை (எவ்வளவுக்குக் குறைந்தால் கை எடுத்ததாக எடுப்பது) 6இலிருந்து 10க்கும் ஏற்றிப் பாருங்கள்.

சிப் ஆன் ஆகும்போது தகட்டில் கை இருந்தால் அதையே இயல்பு நிலையாக எடுத்துக்கொள்ளும், அப்புறம் தொட்டாலும் அசையாது. ஐந்து நிமிடம் எந்தத் தொடுகையும் இல்லையென்றால் சென்சாரை மறுபடி தொடங்கும்படி கோடில் எழுதுங்கள்.

இன்னொன்று: பார்வையாளர்கள் மெதுவாகத் தொட மாட்டார்கள், குழந்தைகள் அறைவார்கள், தொங்குவார்கள். செம்பு டேப்பில் நேரடியாகச் சால்டர் வைத்த இணைப்பு அதில் பிய்ந்துவிடும். போல்ட், வாஷர் போட்டு இறுக்குங்கள்.