முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ்தான் உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறது

கேள்வி: அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை விற்பனையாளராக இருக்கிறேன். பி.காம். படித்தவன், வயது 29. சம்பளம் 12,000 ரூபாய். வாடகை 2,500. வெளியே வாங்கிய 60,000 ரூபாய்க்கு மூணு வட்டி, மாதம் 1,800. முதலாளியிடம் அட்வான்ஸாக வாங்கியதில் இன்னும் 20,000 பாக்கி. மாதம் 1,000 பிடிக்கிறார். மனைவியிடம் இரண்டு பவுன் சங்கிலி இருக்கிறது. ஒரு பையன், பள்ளியில் படிக்கிறான். எந்தச் செலவைக் குறைத்துச் சேமிப்பது?

பதில்: வாடகை, வட்டி, பிடித்தம் போக 6,700 ரூபாயில் மூன்று பேர் சாப்பிட்டு, பையனையும் படிக்க வைக்கிறீர்கள். டீயை நிறுத்துங்கள், ரீசார்ஜைக் குறையுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுச் செலவில் கை வைக்க ஒன்றும் இல்லை. கடனில் இருக்கிறது.

மூணு வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். மனைவி சம்மதித்தால் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அடகு வைத்து அந்தக் கடனை முடியுங்கள். அங்கே ஒரு வட்டிக்குள் கிடைக்கும். மாதம் 600 ரூபாயைத் தாண்டாது. அந்த வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். 1,200 ரூபாய் கையில் நிற்கும்.

அடுத்தது அட்வான்ஸ். வட்டி இல்லாததால் பலர் அதைக் கடனாகவே நினைப்பதில்லை. ஆனால் வேறு நல்ல வேலை வந்தாலும் கணக்கை முடிக்காமல் கிளம்ப முடியாது. சம்பளத்தைக் கூட்டிக் கேட்கவும் வாய் வராது. பாதி அடைவதற்குள் ஒரு காதுகுத்து, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு என்று மறுபடி வாங்குவோம். நம் ஊர்க் கடைகளில் பத்து வருடமாக ஒரே இடத்தில் நிற்கும் பலருடைய கதை இதுதான். இனி ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ஓராண்டில் பிடித்தத்திலேயே 12,000 கழிந்துவிடும். மீதி 8,000-ஐ அடுத்த தீபாவளி போனஸில் ஒரே தடவையாகக் கட்டிவிடுங்கள்.

கடையில் 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்தால் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள். அது இருந்தால் வைத்தியத்துக்கு அட்வான்ஸ் கேட்டு நிற்க வேண்டாம். 20 பேர் இருந்தால் பி.எஃப்.பும் உண்டு.

அந்த 1,200-ல் முதலில் டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் கற்றுக்கொள்ளுங்கள், கடை திறப்பதற்கு முன் காலை வகுப்பாகப் பார்த்து. பி.காம். படிப்போடு இதுவும் சேர்ந்தால் விருதுநகரின் பருப்பு, எண்ணெய் வியாபாரிகளிடமும், சிவகாசி அச்சகங்களிலும், ஆடிட்டர் அலுவலகங்களிலும் கணக்கு எழுதும் வேலை கேட்கலாம். பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். திருப்பூரில் 18,000 தருகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் உடனே குடும்பத்தோடு கிளம்பிவிடாதீர்கள். கூடுதலாக வரும் 6,000-ல் பெரும்பகுதி அங்கே வாடகைக்கே போய்விடும். பயிற்சிக் கட்டணம் போக மிஞ்சுவதைத் தபால் அலுவலகத்தில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி. சேமிப்பில் போடுங்கள். வேலை மாறும் மாதத்தில் சம்பளம் தள்ளி வரும். அப்போது வீடு ஓட அந்தப் பணம் வேண்டும். சங்கிலியை மீட்பது புதுச் சம்பளத்தில் முதல் வேலையாக இருக்கட்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். மூணு வட்டிக் கடனை முடிக்கப் போகும்போது நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டும் செக்கும் கைக்கு வந்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.