குழந்தைப்பேறு மருத்துவரை எச்-இன்டெக்ஸ் பார்த்துத் தெரிவு செய்யலாமா?

கேள்வி கேட்டவர் கிளிநொச்சிக்காரர். கல்யாணமாகிச் சில வருடம், இன்னும் பிள்ளையில்லை. கொழும்பில் சனல் பண்ண, அதாவது தனியாரில் நேரம் பதிந்து பார்க்க, இரண்டு வி.ஓ.ஜி. (மகப்பேற்று நிபுணர்) பெயர் கையில் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்கொலரில் ஒருவருக்கு எச்-இன்டெக்ஸ் 22, மற்றவருக்கு 4. 22 உள்ளவரிடம் போவதுதானே புத்தி என்கிறார்.

நான் டொக்டர் இல்லை. வவுனியாவில் ஒரு நூலகத்தில் வேலை. விரிவுரையாளர்களுக்கு இந்த எண்களைத் தேடி எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பில் பாதி. அதனால் எண்ணைப் பற்றித் துணிந்து சொல்வேன்: இதை வைத்து ஆளைத் தெரிவு செய்யாதீர்கள்.

எச்-இன்டெக்ஸ் 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த அளவு. 22 என்றால், அவருடைய 22 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 22 தடவை, மற்றக் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். அவரிடம் போனவர்களில் எத்தனை பேர் பிள்ளையோடு வீடு வந்தார்கள் என்பது அதில் இல்லை. நாலு கட்டுரை மட்டும் எழுதியவருக்கு 4க்கு மேல் வரவே வராது. 1992இல் பிரஸ்ஸல்ஸில் பலெர்மோவும் கூட்டாளிகளும் இக்சி முறையை, அதாவது ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவதை, லான்செட் என்ற மருத்துவ சஞ்சிகையில் ஒரு சின்னக் கட்டுரையாக எழுதினார்கள். ஆண் பக்கக் குறைபாட்டுக்கான சிகிச்சையே அதோடு மாறிப்போனது. எச்-இன்டெக்ஸ் கணக்கில் அதுவும் ஒரே ஒரு கட்டுரைதான்.

எங்கள் ஆட்களுக்கு இன்னொரு தொல்லை, பெயர். பெண் டொக்டர் கல்யாணத்துக்கு முன் தகப்பன் பெயரோடு எழுதியிருப்பார், பிறகு கணவர் பெயரோடு. கூகுள் அவரை இரண்டு ஆளாகப் பிரித்துவிடக்கூடும். மறுபக்கம், ஒரே பெயருள்ள மூன்று பேருடைய கட்டுரைகள் ஒருவர் தலையில் ஏறிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். உங்களுடைய அந்த 4 எப்படி வந்ததோ!

அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை சரியாகத்தான் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். 2003இல் இஸ்ரேலில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. ஐ.வி.எஃப். என்ற பரிசோதனைக்குழாய்ச் சிகிச்சை செய்வதற்கு முன் கருப்பையின் உள்தோலை லேசாகச் சுரண்டிவிட்டால் கரு தங்குவது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்றது. கட்டுரைக்கு மேற்கோள்கள் குவிந்தன. பல நாட்டுக் கிளினிக்குகள் சுரண்டலைத் தனிக் கட்டணத்துக்குச் செய்யத் தொடங்கின. வலியும் பெண்ணுக்கு, செலவும் பெண்ணுக்கு. 2019இல் நியூசிலாந்தைத் தலைமையாகக் கொண்ட குழு ஐந்து நாடுகளில் 1,364 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தது. சுரண்டிய பக்கம் உயிரோடு பிள்ளை பிறந்தது 26.1 சதவீதம். சுரண்டாத பக்கமும் 26.1 சதவீதம். அதற்காக அந்தப் பழைய கட்டுரை பெற்ற மேற்கோள்களை யாரும் கழிப்பதில்லை. மறுத்து எழுதுகிறவரும் அதைக் குறிப்பிட்டாக வேண்டும், அதுவும் ஒரு மேற்கோளாகக் கூடும்.

நேர்மாறான கதை கல்கத்தாவில் நடந்தது. சுபாஷ் முகோபாத்யாய் 1978 ஒக்டோபர் 3 அன்று இந்தியாவின் முதல் பரிசோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்க வைத்தார். இங்கிலாந்தில் உலகின் முதல் பரிசோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரௌன் பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அங்கே அந்தக் குழந்தையைப் பிறக்க வைத்த ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் உடனே லான்செட்டுக்கு எழுதிவிட்டார்கள். இவர் கைவசம் அப்படிப் பெரிய சஞ்சிகைக் கட்டுரை இல்லை. அரசு அமைத்த குழு அவரைப் பொய்யர் என்றது, 1981இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதலில் செய்தவர் இவர்தான் என்று 1997இல் எழுதியவர் ஆனந்த குமார். அதுவரை இந்தியாவில் இதை முதலில் செய்தவர் என்ற பெயர் அந்த ஆனந்த குமாருக்கே இருந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த மனிதர் ஆனந்த குமார்தான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? டொக்டரிடமே கேளுங்கள்: உங்கள் மனைவியின் வயதில் உள்ளவர்களுக்கு, தொடங்கிய சிகிச்சைச் சுற்று நூறில் எத்தனை உயிருள்ள பிள்ளையில் முடிகிறது? "கர்ப்பம் தங்கிய வீதம்" என்று சொன்னால் விடாதீர்கள், கருச்சிதைவுகளும் அதற்குள் இருக்கும். மேலதிகமாக ஏதாவது செய்யச் சொன்னால், பிரித்தானியாவில் குழந்தைப்பேறுச் சிகிச்சைகளைக் கண்காணிக்கும் எச்.எஃப்.ஈ.ஏ. அமைப்பு இப்படியான கூடுதல் சிகிச்சைகளுக்கு ஆதாரம் எவ்வளவு என்று தரம் பிரித்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் நிறத்தைப் பார்த்தே விளங்கும். டொக்டரின் கட்டுரைகளைப் பார்ப்பதென்றால் தலைப்புகளைப் பாருங்கள். உங்களுக்கு உள்ள பிரச்சினையில் எழுதியிருக்கிறாரா என்பது தெரியும், அதற்கு அவை உதவும்.

இன்னொன்று, கேட்காததைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மனைவியைத்தான் ஸ்கானுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் இழுத்தடிப்பார்கள், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பதும் அவள்தான். நீங்கள் விந்துப் பரிசோதனை செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொழும்பு பஸ் ஏற முன் அதை முடியுங்கள். மாதிரி கொடுக்க முன் விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும், முடிவுத்தாளையும் கையோடு கொண்டு போங்கள்.