சரிவுச் சுமையை அறிய முழு நான்-லீனியர் அனாலிசிஸ் ஓட்டியே ஆக வேண்டுமா?

வேண்டாம். கட்டமைப்பு எந்தச் சுமையில் சரியும் என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றால், சுமையைப் படிப்படியாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் கன்வர்ஜென்ஸுக்கு (கணக்கு ஒரு விடையில் நிலைப்பதற்கு)க் காத்திருக்க அவசியமில்லை. லிமிட் அனாலிசிஸ் நேராக அந்த எண்ணுக்கே போகும்.

கையால் போடக்கூடிய கணக்கு ஒன்று. இரு முனையும் இறுகப் பிடித்த பீம், முழுக்கச் சீரான சுமை. நீளம் 1, பிளாஸ்டிக் மொமென்ட் (ஒரு குறுக்குவெட்டு தாங்கக்கூடிய அதிகபட்ச வளைவு மொமென்ட்) 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். எலாஸ்டிக் கணக்கில் சுமை 12 ஆகும்போது முனைகளில் மொமென்ட் 1-ஐத் தொடும்; நடுவில் வெறும் 0.5 தான். பீம் இன்னும் தாங்கும். சுமை 16-இல்தான் நடுவிலும் 1 ஆகி மூன்று ஹிஞ்ச் (மொமென்ட் எல்லையைத் தொட்டு, கீல் போலச் சுழலும் இடம்) விழுகிறது; பீம் சரிகிறது. சமநிலை கெடாமல், எங்கும் 1-ஐத் தாண்டாமல் நீங்கள் வரையும் எந்த மொமென்ட் படமும் 16-க்கு மேல் தராது. இது கீழ் எல்லை. மாறாக, நடு ஹிஞ்சை மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஊகித்து வேலைச் சமன்பாடு (சுமை செய்யும் வேலை = ஹிஞ்சுகள் விழுங்கும் வேலை) எழுதினால் 18 வரும். இது மேல் எல்லை. அதை நம்பி டிசைன் செய்தால் ஆபத்து. டிரக்கர், பிராகர், கிரீன்பெர்க் 1952-இல் இந்த இரண்டு எல்லைகளின் தேற்றங்களையும் தொடர் ஊடகங்களுக்கு (தகடு, மண் போன்ற இடைவெளியற்ற பொருள்களுக்கு) விரித்தார்கள்.

ஃப்ரேம் (பீம்களும் தூண்களும் சேர்ந்த சட்டகம்) என்றால் இது அப்படியே லீனியர் புரோகிராமிங்: நேரியல் நிபந்தனைகளுக்குள் ஓர் அளவைப் பெரிதாக்கும் கணக்கு. சுமைக் காரணியை (கொடுத்த சுமையை எத்தனை மடங்காக்கலாம் என்ற எண்ணை)ப் பெரிதாக்கு. சமநிலைச் சமன்பாடுகள் நிற்க வேண்டும். மொமென்ட் எல்லைக்குள் இருக்க வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதன் டூயல், அதாவது இதோடு ஜோடியாக வரும் எதிர்க்கணக்கு: அதுவேதான் மேல் எல்லைக் கணக்கு. ஒரே ஓட்டத்தில் சரிவுச் சுமையும் கிடைக்கும், எங்கே எவ்வளவு ஹிஞ்ச் சுழல்கிறது என்பதும் கிடைக்கும். பைத்தானில் சைபை நூலகத்தின் லின்ப்ரோக் (linprog) ஃபங்ஷன் இந்தச் சுழற்சிகளை மார்ஜினல்ஸ் என்ற பெயரில் தருகிறது. ஒன்றை மறக்காதீர்கள்: அது மாறிகளைத் தானாகவே பூஜ்ஜியத்துக்குக் கீழே விடாது. மொமென்ட்டுக்கு இரு பக்க எல்லையையும் நீங்களே கொடுக்க வேண்டும். அப்புறம், பரவிய சுமை இருந்தால் நோடுகளுக்கு இடையில் உச்ச மொமென்ட் ஒளிந்திருக்கும். அங்கே சரிபார்க்காத கீழ் எல்லை, கீழ் எல்லையே இல்லை.

தகடு, மண் போன்றவற்றுக்கு வான் மிசஸ் வகை வரம்புகள் (பொருள் எப்போது விளைந்து நெகிழத் தொடங்கும் என்று சொல்பவை) வளைந்தவை. முன்பு அவற்றைப் பல தளங்களாக வெட்டினார்கள். இப்போது கூம்பு புரோகிராமிங்கில் (வளைந்த வரம்புகளையும் ஏற்கும் உகப்பாக்க முறையில்) அப்படியே கொடுக்கலாம். இரு எல்லைகளையும் ஓட்டி இடைவெளியைப் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் மெஷ்ஷை (பொருளைப் பிரிக்கும் வலையை) இன்னும் நுண்ணியதாக்குங்கள்.

பக்ளிங் (அழுத்தத்தில் பக்கவாட்டில் வளைந்து சாய்வது), விரிசல், இடப்பெயர்ச்சி எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. மெல்லிய தூண்களும் நொறுங்கும் பொருள்களும் இருந்தால் நீங்கள் கேட்ட நான்-லீனியர் அனாலிசிஸுக்கே போங்கள்.