கேள்வி – பதில்: வலைப்பூவில் விளம்பரம் எப்போது போடலாம்?

வலைப்பூ விளம்பரம் பற்றி புதுச்சேரி, கடலூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

புதுச்சேரிச் சமையல் பற்றி பிளாகரில் எழுதத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. 14 பதிவுகள் போட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு 50 பேர் பார்க்கிறார்கள். இப்போதே விளம்பரம் போட்டுவிடு என்கிறான் தம்பி. ஆறு மாதம் ஆகாமல் கூகுள் தராது என்கிறார் தோழி. யார் சொல்வது சரி? – வாசகி, லாஸ்பேட்டை

ஆறு மாதக் கணக்கு பழையது. வலைத்தளங்களில் விளம்பரம் போட்டு, வரும் காசில் பங்கு தரும் கூகுளின் சேவைக்குப் பெயர் ஆட்சென்ஸ். இந்தியாவில் தளம் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று அது ஒரு காலத்தில் கேட்டதுண்டு. இப்போதைய தகுதிகளில் அது இல்லை. இத்தனை பதிவு, இத்தனை வாசகர் என்ற குறைந்தபட்ச அளவும் கிடையாது. சொந்தச் சரக்கு இருக்க வேண்டும், விதிகளை மீறாமல் இருக்க வேண்டும், விண்ணப்பிப்பவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். அதனால் தோழி சொன்ன காரணம் சரியில்லை. ஆனாலும் பொறுங்கள் என்றுதான் நாங்களும் சொல்வோம். எங்கள் காரணம் வேறு.

அந்த 50 பேர் எந்த வழியாக வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் வலைப்பூவைச் சேர்த்தால், தேடல் வழியாக எத்தனை கிளிக் வந்தது, என்ன சொல்லைத் தட்டி வந்தார்கள் என்பதெல்லாம் நாள்வாரியாகத் தெரியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுட்டி போட்ட அன்று 50, போடாத அன்று 6 என்று இருந்தால், உங்களுக்கு வாசகர்கள் இன்னும் வரவில்லை. உறவினர்கள்தான் வந்து போகிறார்கள். அவர்கள் பதிவுக்காக வரவில்லை, உங்களுக்காக வருகிறார்கள். விளம்பரம் போட்டதும் பாசத்தில் அதை அமுக்கிவிடுவார்கள். அது விதிமீறல், உங்கள் ஆட்சென்ஸ் கணக்குக்கே ஆபத்து.

பணக்கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தலைப்பையும் வாசகர் இருக்கும் நாட்டையும் பொறுத்து இது ஏறும், இறங்கும். ஆளுக்கு ஒரு பக்கம் என்று வைத்து நாளைக்கு 50 பார்வை என்றால் மாதத்துக்கு 1,500. வரவு முக்கால் டாலர். 100 டாலர் சேர்ந்தால்தான் ஆட்சென்ஸ் பணத்தை அனுப்பும். இந்த வேகத்தில் அதற்குப் பதினோரு வருடம் ஆகும். முக்கால் டாலருக்காகப் பக்கத்தின் வேகத்தையும், முதல் தடவை வருகிறவரின் பொறுமையையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. புதிய தளத்துக்கு முதல் மாதங்களில் வருகிறவர்தான் திரும்ப வர வேண்டியவர், அடுத்தவருக்கு அனுப்ப வேண்டியவர்.

சரி, எப்போதுதான் போடுவது? நாங்கள் சொல்லும் அளவு இது: சொந்தப் படங்களோடு 25, 30 முழுமையான பதிவுகள், நீங்கள் எங்கும் சுட்டி பகிராத நாட்களிலும் தேடல் வழியாக மட்டும் நாளைக்கு நூறு பேர், அந்த எண்ணிக்கை எட்டு வாரம் விழாமல் நிற்க வேண்டும். எட்டு வாரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புயல் நாளிலோ, வீராம்பட்டினம் தேர் சமயத்திலோ ஒரு பதிவு திடீரென்று ஓடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததுபோன்ற ஒரு நாளில் உள்ளூர்த் தளத்துக்கு வரும் கூட்டம் அடுத்த வாரம் இருக்காது. அந்த உச்சத்தைப் பார்த்து விளம்பரம் போட்டால் ஏமாற்றம்தான்.

நூறு பேர் வந்தாலும் பெரிய தொகை வராது. ஒருவர் மூன்று பக்கம் பார்த்தால் மாதம் 9,000 பார்வை, நாலரை டாலர். இருந்தும் அந்தக் கட்டத்தில் தொடங்கச் சொல்வது ஏன்? அனுமதிக்குச் சில நாளிலிருந்து நான்கு வாரம் வரை ஆகலாம். பிறகு முகவரிச் சரிபார்ப்பு, வங்கி வேலை என்று மாதங்கள் ஓடும். எந்த இடத்தில் விளம்பரம் வாசகரை உறுத்தவில்லை என்று கற்றுக்கொள்ளவும் அவகாசம் வேண்டும். வாசகர் ஆயிரமாகும்போது எல்லாம் தயாராக இருக்கும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை: சொந்த டொமைன், அதாவது உங்களுக்கே உரிய இணைய முகவரி, வாங்கிவிடுங்கள். பிளாகரின் இலவச முகவரிக்கும் ஆட்சென்ஸ் கிடைக்கும். ஆனால் பின்னால் முகவரியை மாற்றினால் புதிய தளமாகச் சேர்த்து மறுபடி பரிசீலனைக்குக் காத்திருக்க வேண்டும். அனுமதி வந்ததும் பிளாகர் செட்டிங்ஸில் 'மானிடைசேஷன்' பகுதிக்குப் போய் உங்கள் தளத்தில் விளம்பரம் விற்க யாருக்கு அனுமதி என்று சொல்லும் 'ஆட்ஸ்.டெக்ஸ்ட்' கோப்பை இயக்கி, ஆட்சென்ஸ் தரும் ஒற்றை வரியை எழுத்து பிசகாமல் ஒட்டுங்கள். இதை விட்டுவிட்டு, விளம்பரமே வரவில்லை என்று தேடுகிறவர்கள் நிறைய.

முதல் மூன்று மாதம் பதிவுக்கு ஒரே ஒரு விளம்பரம் போதும். சமையல் பதிவில் அதைப் பொருள் பட்டியலுக்கும் செய்முறைக்கும் நடுவில் வைக்காதீர்கள். அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்து, ஈரக்கையால் மேலும் கீழும் தள்ளுகிறவர் தெரியாமல் தொட்டுவிடுவார். தவறுதலான கிளிக்குகளைக் கூகுள் கழித்துவிடும், அதிகமானால் விளம்பரத்தையே நிறுத்திவைக்கும். செய்முறை முடிந்து, குறிப்புகள் தொடங்கும் இடம் நல்லது.

உங்கள் ஊருக்கே உரிய ஒரு விஷயமும் இருக்கிறது. புதுச்சேரிச் சமையலைத் தேடுகிறவர்களில் பிரான்சில் குடியிருக்கும் நம்மவர்களும் உண்டு. அவர்கள் பார்க்கும் விளம்பரத்துக்கு விலை கூடுதலாகக் கிடைக்கக்கூடும். ஆனால் ஐரோப்பிய வாசகரிடம் குக்கீ (அவர் உலாவியில் சேமிக்கப்படும் சிறு தகவல் கோப்பு) அனுமதி கேட்கும் செய்தியை, கூகுள் சான்றளித்த கருவி வழியாகக் காட்ட வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் விதி. ஆட்சென்ஸுக்குள்ளேயே 'பிரைவசி அண்ட் மெசேஜிங்' பகுதியில் அது இலவசமாக இருக்கிறது. இயக்காவிட்டால் அந்த வாசகர்களுக்கான வரவு பெருமளவு குறையும்.

டிஎன்பிஎஸ்சி குறிப்புகளுக்காக ஒரு வலைப்பூ வைத்திருக்கிறேன். 120 பதிவுகள் இருக்கின்றன. அப்பா பெயரில் ஆட்சென்ஸுக்கு மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் 'மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்' என்று திருப்பிவிட்டார்கள். எனக்கு வயது 17. – மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

அப்பா பெயரில் விண்ணப்பித்தது சரிதான். 18 நிறையும்வரை பெற்றோர் கணக்கில்தான் முடியும், பணமும் அவர் பெயருக்கே வரும்.

120 பதிவு இருந்தும் ஏன் மறுத்தார்கள்? பள்ளிப் பாடநூலின் பத்தியும் பழைய வினாத்தாளும் அப்படியே நூற்றுக்கணக்கான தளங்களில் கிடக்கின்றன. அதையே 121-வது தடவை போட்டாலும் பதில் மாறாது. எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். பாடநூலிலிருந்து எடுத்து ஒட்டியவற்றை நீக்குங்கள் அல்லது வரைவுக்கு மாற்றுங்கள். மிச்சம் 30 நின்றாலும் போதும். அந்த முப்பதில் ஒவ்வொரு வினாவுக்கும் விடை ஏன் அது, மற்ற மூன்றும் ஏன் இல்லை என்று உங்கள் சொற்களில் எழுதுங்கள். கடலூரை வைத்து விளக்க முடிகிறதா பாருங்கள். அலையாத்திக் காடு பற்றிய வினாவுக்குப் பிச்சாவரத்தில் நீங்களே எடுத்த படமும், கண்டல் மரத்தின் வேர் எப்படி மூச்சு விடுகிறது என்ற நான்கு வரியும் போட்டால், அது வேறெந்தத் தளத்திலும் இல்லாத பக்கம்.

'எங்களைப் பற்றி', தொடர்பு, தனியுரிமைக் கொள்கை ஆகிய மூன்று பக்கங்களும் மெனுவில் தெரிய வேண்டும். ஒரு பதிவுகூட இல்லாத பிரிவுகளை மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். இதையெல்லாம் முடித்து ஒரு மாதம் விட்டு, சர்ச் கன்சோலில் புதிய பக்கங்கள் பதிவாகிவிட்டனவா என்று பார்த்தபின் விண்ணப்பியுங்கள். எதையும் மாற்றாமல் திரும்பத் திரும்ப அனுப்புவது வீண். அம்மா பெயரில் இன்னொரு கணக்கு தொடங்கிப் பார்க்கலாம் என்ற யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். குறை தளத்தில் இருக்கிறது, கணக்கில் இல்லை.

வேர்ட்பிரஸ் டாட் காமில் இலவசத் தளம் வைத்திருக்கிறேன். ஆட்சென்ஸ் போட முடியுமா? – வாசகர், நெல்லிக்குப்பம்

இலவசத் திட்டத்தில் முடியாது. அதில் வருவது அவர்கள் போடும் விளம்பரம், காசும் அவர்களுக்கே. ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) வாங்கி வேர்ட்பிரஸை நீங்களே நிறுவினால் முடியும். செலவே செய்ய வேண்டாம் என்றால் பிளாகருக்கு மாறிவிடுங்கள்.

பலா, முந்திரி சாகுபடி பற்றி எழுதுகிறேன். உள்ளூர் நர்சரிக்காரர் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறேன், பேனர் போடுங்கள் என்கிறார். வாசகர் நாளைக்கு 60 பேர்தான். வாங்கலாமா? – வாசகர், பண்ருட்டி

தாராளமாக வாங்கலாம். முதல் கேள்விக்குச் சொன்ன காத்திருப்பு இதற்குப் பொருந்தாது. அந்த 60 பேரும் பலாக்கன்று தேடுகிறவர்கள், விளம்பரமும் பலாக்கன்றுக்கு. வாசகருக்கு அது தகவல்தான். இந்த மாதிரிச் சின்னத் தளத்துக்கு ஆட்சென்ஸைவிட இந்த வழிதான் முதலில் பலன் தரும்.

வாய்ப்பேச்சில் விடாமல் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த இடம், என்ன அளவு, எத்தனை மாதம், பணம் எந்தத் தேதிக்குள். 300-க்கு 250 பிக்சல் அளவு போனிலும் கணினியிலும் அடங்கும். படத்தை 50 கேபிக்குள் சுருக்கிப் போடுங்கள். மூன்று மாதத்துக்குச் சேர்த்து முன்பணம் கேளுங்கள், ஏனென்றால் முதல் மாதத்தில் விற்பனை தெரியாமல் போகலாம். மாதக் கடைசியில் எத்தனை பேர் பேனரைத் தொட்டார்கள் என்ற கணக்கை அவருக்குக் கொடுங்கள். கேட்காமலே கொடுத்தால் அடுத்த காலாண்டுக்கு நீங்கள் பேச வேண்டியிருக்காது.

பேனர் மேலே 'விளம்பரம்' என்று தமிழில் எழுத வேண்டும். காசு வாங்கிய சுட்டிக்கு எச்டிஎம்எல்லில் 'ஸ்பான்சர்டு' என்ற குறியும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் காசுக்குச் சுட்டி விற்கிற தளம் என்று கூகுள் தேடலில் கீழே தள்ளும். 'இந்தக் கன்று இரண்டே வருடத்தில் காய்க்கும்' என்று அவர் எழுதித் தந்தால், கண்ணால் பார்க்காமல் உங்கள் வார்த்தையாகப் போடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி தவறான விளம்பரத்துக்குப் பொருளைப் பரிந்துரைத்தவர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். உங்களை நம்பிக் கன்று நட்ட விவசாயி அது காய்க்கிறதா என்று பார்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஆட்சென்ஸ் கிடைத்ததும் ஆட்டோ ஆட்ஸ் போட்டேன். பக்கம் திறக்கவே நேரமாகிறது, படிக்கும்போது எழுத்து எகிறிக் குதிக்கிறது, வந்தவர்கள் உடனே போய்விடுகிறார்கள். – வாசகி, வில்லியனூர்

ஆட்டோ ஆட்ஸ் என்பது கூகுளே இடம் பார்த்துத் தானாக விளம்பரம் வைக்கும் வசதி. அது எல்லா வகை விளம்பரத்தையும் ஒன்றாகத் திறந்துவிடும். அமைப்புக்குள் போய் முழுத்திரையை மறைக்கும் 'விக்னெட்', திரை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் 'ஆங்கர்' இரண்டையும் அணையுங்கள். பக்கத்துக்குள் வரும் விளம்பரங்களின் எண்ணிக்கைக்கு ஒரு நகர்த்தி இருக்கும், அதைக் குறைந்த பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

எழுத்து குதிப்பதற்குக் காரணம், விளம்பரம் வந்து சேரும்வரை அதற்கான இடம் காலியாக ஒதுக்கப்படவில்லை. எழுத்து முதலில் வந்து நிற்கிறது, விளம்பரம் பிறகு வந்து அதைக் கீழே தள்ளுகிறது. ஆட்டோ ஆட்ஸை நிறுத்திவிட்டு இரண்டு இடங்களில் நீங்களே விளம்பரப் பெட்டி வையுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றியிருக்கும் பெட்டிக்கு 280 பிக்சல் குறைந்தபட்ச உயரம் கொடுத்துவிட்டால் தள்ளல் நிற்கும். கூகுளின் 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' பக்கத்தில் உங்கள் முகவரியைப் போட்டுச் சோதியுங்கள். முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் வர வேண்டும், குதிக்கும் அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும். போனில் பார்த்துச் சோதியுங்கள், கணினியில் மட்டும் அல்ல.

விளம்பரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. தமிழ் எழுத்துருக்களை மூன்று நான்கு வகையில் ஏற்றினாலும் பக்கம் இழுக்கும். ஒரு எழுத்துரு, சாதாரணம், தடிப்பு என இரண்டு வடிவம் போதும்.

நண்பர்களை விளம்பரத்தைத் தொடச் சொல்லலாமா? – வாசகர், அரியாங்குப்பம்

கூடாது. நீங்களும் தொடக் கூடாது, வீட்டில் இருப்பவர்களும் தொடக் கூடாது. 'எங்களை ஆதரிக்க விளம்பரத்தை அழுத்துங்கள்' என்று எழுதுவதும் விதிமீறல்தான். கணக்கு முடங்கினால் அந்தப் பெயரில் இன்னொன்று கிடைப்பது மிகக் கடினம். மேலும், 2024 தொடக்கத்திலிருந்து கிளிக்குக்குப் பதிலாக விளம்பரம் காட்டப்பட்டதற்குப் பணம் தரும் முறைக்கு ஆட்சென்ஸ் மாறிவிட்டது. அதனால் தொடச் சொல்வதில் லாபமும் இல்லை.

ஆட்சென்ஸ் வரவு 10 டாலர் தாண்டி இரண்டு மாதம் ஆகிறது. முகவரியைச் சரிபார்க்கக் கூகுள் தபாலில் அனுப்பும் பின் (ரகசிய எண்) கடிதம் வரவில்லை. – வாசகர், முத்தியால்பேட்டை

கணக்கில் பதிந்த முகவரியைத் திறந்து பாருங்கள். மாநிலம் என்ற இடத்தில் தமிழ்நாடு என்று தேர்ந்திருக்கிறீர்களா? புதுச்சேரி என்று மாற்றுங்கள். 605-ல் தொடங்கும் அஞ்சல் குறியீடு ஆரோவில் போன்ற விழுப்புரம் மாவட்டப் பகுதிகளுக்கும் இருப்பதால் இந்தத் தவறு எளிதில் நடக்கிறது. கதவு எண் பழையதா புதியதா, தபால்காரருக்குத் தெரிந்த தெருப்பெயர் எது என்பதையும் சரிசெய்யுங்கள். பின் வர பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மூன்று வாரம் தாண்டினால் மறு பின் கேட்கலாம். முதல் பின் உருவான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். அதனால் இந்த வாரமே கேளுங்கள். பலமுறை அனுப்பியும் வராவிட்டால் அடையாளச் சான்றைப் பதிவேற்றும் வழி அந்தப் பக்கத்திலேயே திறக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் வங்கி வேலையை முடித்துவிடுங்கள். பணம் வெளிநாட்டிலிருந்து வருவதால் ஸ்விஃப்ட் குறியீடு (உலக அளவில் வங்கியை அடையாளம் காட்டும் குறி) வேண்டும். எல்லாக் கிளைகளுக்கும் அது இருக்காது. உங்கள் கிளையில் இல்லையென்றால் அதே வங்கியின் எந்தக் கிளைக் குறியீட்டைத் தர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆட்சென்ஸில் உள்ள பெயரும் பாஸ்புக்கில் உள்ள பெயரும், இனிஷியல் நிற்கும் இடம் உட்பட, ஒன்றாக இருக்க வேண்டும். அமெரிக்க வரித் தகவல் படிவத்தையும் கணக்குக்குள்ளேயே நிரப்பிவிடுங்கள். மாதக் கடைசியில் 100 டாலர் எட்டியிருந்தால் அடுத்த மாதம் 21 முதல் 26-ம் தேதிக்குள் பணம் கிளம்பும். வங்கியில் எதற்கான பணம் என்று கேட்டால், இணைய விளம்பர வருமானம் என்று எழுதிக்கொடுங்கள். வருமான வரிக் கணக்கிலும் அதே பெயரில் காட்டுங்கள்.