சிமெண்ட் ஆலையில் கார்பனைப் பிடித்துப் புதைப்பது: தீர்வா, கண்துடைப்பா?

கேள்வி: சிமெண்ட் ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து நிலத்துக்கடியில் வைப்பது நிஜமாகவே பலன் தருமா, இல்லை வெறும் விளம்பரமா? ஆலையைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றிவிட்டால் போதாதா?

சிமெண்ட் ஆலையில் சூளைப் பக்கம் வேலை பார்த்தவன் நான். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: போதாது.

காரணம் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அதை 900 டிகிரி வாக்கில் சுட்டால் ஒரு பக்கம் சுண்ணாம்பு, மறுபக்கம் கரியமில வாயு என்று பிரியும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 44 கிலோ காற்றில் போய்விடும். நிலக்கரி போட்டுச் சுட்டாலும் சரி, மின்சாரத்தால் சுட்டாலும் சரி, அந்த 44 கிலோவில் ஒரு கிராம்கூடக் குறையாது. சூளையில் சுட்டு வரும் கட்டிக்குக் கிளிங்கர் என்று பெயர்; அதை அரைத்தால்தான் சிமெண்ட். ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டும் சுமார் 520 கிலோ வாயு வருகிறது. எரிபொருளிலிருந்து வருவது அதற்கு மேல் 300 கிலோ போல. அதாவது எரிபொருளை முழுக்க மாற்றினாலும் பெரிய பங்கு அப்படியே நிற்கும். உலகம் வருடத்துக்கு 400 கோடி டன் சிமெண்ட் செய்கிறது. மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் இதிலிருந்து வருவது இதனால்தான்.

நிலக்கரி மின்நிலையத்தில் கார்பனைப் பிடிக்கப்போகிறோம் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். மின்சாரம் எடுக்க வேறு வழிகள் இருக்கின்றன. சிமெண்ட் விஷயத்தில் அந்தச் சந்தேகம் எனக்கு இல்லை.

சரி, பிடிப்பது எப்படி? இப்போதைக்குப் பெரிய அளவில் ஓடுவது அமீன் முறை; அமீன் என்பது கரியமில வாயுவோடு ஒட்டிக்கொள்ளும் ஒருவகை வேதிப்பொருள். புகையை 40 டிகிரி வாக்கில் குளிர்வித்து, தூசியையும் கந்தக ஆக்சைடையும் கழுவி எடுத்துவிட்டு, ஒரு உயரமான கோபுரத்துக்குள் கீழிருந்து விடுகிறார்கள். மேலிருந்து அமீன் கரைசல் வழிந்து இறங்கி, கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்கிறது. அந்தக் கரைசலை இன்னொரு கோபுரத்தில் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடும். துணியை நனைத்துப் பிழிந்து மறுபடி நனைப்பது மாதிரிதான். கரைசல் சுற்றிச் சுற்றி வரும்; கிட்டத்தட்ட சுத்தமான வாயு தனியாகக் கிடைக்கும்.

கொஞ்சம் கணக்குப் போட்டால்தான் பிரச்சினை எங்கே என்று தெரியும். நல்ல ஆலை ஒரு டன் கிளிங்கர் சுட 3.4 கிகாஜூல் (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் செலவழிக்கிறது. அமீனைப் பிழிய, பிடிக்கும் ஒவ்வொரு டன் வாயுவுக்கும் 3 முதல் 4 கிகாஜூல் வேண்டும். ஒரு டன் கிளிங்கருக்கு 0.8 டன் வாயு என்றால், பிடிப்பதற்கு மட்டும் 2.4 முதல் 3.2 கிகாஜூல். சிமெண்ட் செய்ய ஆகும் வெப்பத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது! அந்த வெப்பத்துக்காக இன்னொரு கொதிகலன் வைத்து நிலக்கரி எரித்தால், அதன் புகையையும் பிடிக்க வேண்டும். என்னைக் கேட்டால், இப்படி ஒரு திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது 'எத்தனை சதவீதம் பிடிக்கும்' என்ற விளம்பர எண்ணை அல்ல. வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை.

நார்வேயில் ப்ரேவிக் ஆலை ஏன் பாதியைத்தான் பிடிக்கிறது என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. ஹைடல்பெர்க் மெட்டீரியல்ஸின் இந்த ஆலையில் பிடிப்பு அமைப்பு 2025 ஜூனில் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. தொழிற்சாலை அளவில் பிடித்து, புதைக்கவும் செய்யும் முதல் சிமெண்ட் ஆலை என்று சொல்கிறார்கள். ஆண்டுக்கு 4 லட்சம் டன். ஆலையின் மொத்த வெளியீட்டில் ஏறக்குறைய பாதி. சூளையில் வீணாகப் போகும் வெப்பம் எவ்வளவு தூரம் போதுமோ, அந்த அளவுக்கு அமைப்பை வடிவமைத்தார்கள். பாதிதானா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையான பொறியியலாகத்தான் படுகிறது. செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தனியாக எந்த ஆலையும் இதைத் தாங்கியிருக்காது.

வேறு வழிகளும் உண்டு. காற்றுக்குப் பதில் ஆக்சிஜனில் எரித்தால் புகையில் நைட்ரஜன் இருக்காது, பிரிக்கும் வேலை மிச்சம். கேட்க எளிது. ஆனால் சூளையில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் 'ஃபால்ஸ் ஏர்' என்று பெருமூச்சு விடுவார்கள்; வேண்டாமலே உள்ளே புகும் வெளிக்காற்று அது. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. சூளை ஒரு பெரிய உருளை, ஓயாமல் சுழல்வது. சுழலும் உருளை அசையாத அறைக்குள் நுழையும் இடத்தில் ஒரு சீல் இருக்கும். சூடு, தூசி, உருளையின் லேசான ஆட்டம் எல்லாம் சேர்ந்து அதைத் தேய்க்கும். இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். சூளைக்குப் போகும் கல்மாவை முன்கூட்டியே சூடாக்கும் ப்ரீஹீட்டரில் ஆய்வுக்கதவு சரியாக மூடாவிட்டாலும் இதே கதை. சாதாரண ஆலையில் இது எரிபொருள் விரயம், ஃபேனுக்குக் கூடுதல் சுமை, அவ்வளவுதான். ஆக்சிஜன் சூளையில் நீங்கள் காசு கொடுத்து விலக்கிய நைட்ரஜன் பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடுகிறது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. அரைத்த கல்லை ஒரு உயரமான எஃகுக் குழாய்க்குள் மேலிருந்து கொட்டி, குழாயை வெளியிலிருந்து சூடாக்குவது. எரிபொருள் புகை வெளியே, கல்லிலிருந்து வரும் வாயு உள்ளே. இரண்டும் கலப்பதே இல்லை. அதனால் பிரிக்கவே வேண்டியதில்லை. பெல்ஜியத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் 2019இல் இந்தச் சோதனைக் குழாயை ஓட்டினார்கள். எரிபொருளின் வாயு இதில் பிடிபடாது என்பது குறை. ஆனால் சூரிய மின்சாரத்தால் குழாயைச் சூடாக்கினால் அந்தக் குறையும் தீரும். நீங்கள் கேட்ட சூரிய மின்சாரத்துக்கு நிஜமான இடம் இங்கே இருக்கிறது.

பிடித்ததை என்ன செய்வது? தொழிற்சாலைகளுக்கு விற்றால் பெரும்பாலும் சீக்கிரமே காற்றுக்குத் திரும்பிவிடும்; சோடா பாட்டிலைத் திறந்தால் போச்சு. புதைப்பதுதான் கணக்கில் சேரும். ப்ரேவிக்கில் வாயுவைத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். நார்வேயின் மேற்குக் கரையில் இறக்கி, அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாயில் கொண்டுபோய், வட கடலின் தரைக்குக் கீழே 2,600 மீட்டர் ஆழத்தில் உப்புநீர் ஊறிய மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். 800 மீட்டருக்குக் கீழே போனாலே அழுத்தத்தில் வாயு திரவம்போல அடர்த்தியாகிவிடும். மேலே நீர் புகாத களிப்பாறை மூடி. கசிந்துவிடாதா என்று கேட்பார்கள். அதே வட கடலில் ஸ்லைப்னர் என்ற எரிவாயு வயலில் 1996 முதல் செலுத்துகிறார்கள், நில அதிர்வுப் படங்களால் கண்காணித்தும் வருகிறார்கள். செலுத்தியது உள்ளேதான் இருக்கிறது. எனக்குப் பயம் குழாயில்தான். 2020இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் சதார்ஷியா ஊர் அருகே நிலச்சரிவில் இப்படியொரு குழாய் வெடித்தது. வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். ஆக்சிஜன் இல்லாமல் வண்டிகளின் இன்ஜின்கள் நின்றுபோயின. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், நல்லவேளை யாரும் சாகவில்லை.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் கிளிங்கரைக் குறைப்பதுதான் மலிவு. சுட்ட களிமண்ணும் அரைத்த சுண்ணாம்புக்கல்லும் சேர்த்தால் கிளிங்கரில் பாதியை மிச்சப்படுத்தலாம். வெளியீடு 30 முதல் 40 சதவீதம் குறையும். அமீன் கோபுரம் எதுவும் வேண்டாம். மீதி 60, 70 சதவீதத்துக்குத்தான் பிடிப்பு.

அப்புறம், 'கான்கிரீட்தான் அந்த வாயுவைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறதே' என்ற வாதம் அடிக்கடி வரும். உறிஞ்சுகிறது, உண்மை, ஆனால் ஒரு பகுதியைத்தான், அதுவும் பல பத்தாண்டுகளில், மேற்பரப்பிலிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக. கம்பி போட்ட கான்கிரீட்டில் அது நடக்கக் கூடாது என்றுதான் பொறியாளர்கள் கவர் (கம்பிக்கு மேல் மூடும் கான்கிரீட் தடிமன்) வைத்துக் கட்டுகிறார்கள். உறிஞ்ச உறிஞ்சக் காரத்தன்மை இறங்கி, கம்பி துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.