மூன்றாவதாகக் குளிப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஓராண்டு பரிமாற்ற மாணவியாகக் கியோத்தோவுக்கு வந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. ஒரு ஜப்பானியக் குடும்பத்துடன் தங்கியிருக்கிறேன். வந்த புதிதில் இரவுக் குளியலுக்கு எல்லோருக்கும் முன்பாக என்னைத்தான் அழைப்பார்கள். இப்போது வீட்டுக்காரரும் பள்ளியில் படிக்கும் மகனும் குளித்த பிறகே என் முறை வருகிறது. சாப்பிட்ட கிண்ணத்தை நானே கழுவ வேண்டும். சென்ற வாரம் மஞ்சள் குப்பைப் பையில் பிளாஸ்டிக் உறைகளையும் சேர்த்துப் போட்டுவிட்டேன் என்று வீட்டம்மா பையைத் திரும்ப எடுத்துவந்து, என்னையே பிரிக்கச் சொன்னார். நான் சைவம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் மிசோ சூப்பில் மீன் வாடை வருகிறது. சொன்னால் வருந்துவார்களே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுகிறேன். அவர்களுக்கு நான் சலித்துப்போய்விட்டேனா? நீங்களும் அங்கே மாணவராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

வி.

அன்புள்ள வி.,

சலித்துப்போகவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உண்மையில் மகிழ்ச்சிதான் ஏற்பட்டது.

ஏன் என்று சொல்ல, நான் அங்கே செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், கியோத்தோவின் வடக்குப் பகுதியில் ஒரு குடும்பத்துடன் தங்கியிருந்தேன். தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைச் சுத்தமாகக் கழுவிய பிறகே ‘ஒஃபுரோ’ என்னும் அந்தத் தொட்டியில் இறங்க வேண்டும் என்பதையும், வெந்நீர் உடம்பைச் சூடாக்கிக்கொள்வதற்கே தவிர அழுக்குப் போக்குவதற்கு அல்ல என்பதையும் எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்த ஒரே நீரில்தான் வீட்டார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள் என்பதும், மறுநாள் காலையில் மிஞ்சிய நீரைத் துணி துவைக்கவும் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. நாம் குளித்த நீரை அடுத்தவருக்கு விட்டுவைப்பது அவமரியாதை என்று நினைக்கும் நாட்டிலிருந்து போனவன் நான். ஆகவே மூன்றாம் நாள் இரவு முதல் ஆளாகக் குளித்துவிட்டு, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு அடைப்பைத் திறந்து நீர் முழுவதையும் வெளியேற்றிவிட்டு வந்தேன். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. தொட்டியில் மீண்டும் நீர் நிரப்பிக் காயவைத்திருக்கிறார்கள். வேலையிலிருந்து களைத்து வந்த வீட்டுக்காரர் காத்திருந்திருக்கிறார். இதெல்லாம் ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுப் பாட்டி பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். “அப்போது நீ ‘ஒக்யாகுசான்’ அல்லவா?” என்றார். விருந்தாளி என்பது அதன் பொருள்.

விருந்தாளியின் தவறைச் சொல்லாமல் விழுங்கிக்கொள்வதும், அவரை முதலில் குளிக்க அழைப்பதும் அந்த வீடுகளில் ஒரே மரியாதையின் இரு பக்கங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள் நம் ஊரில். உங்களுக்கு விருந்து சில வாரங்கள் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது உங்களுக்கு அந்த வீட்டின் வரிசையில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அநேகமாக வீட்டம்மா கடைசியில்தான் குளிப்பார், கவனித்துப் பாருங்கள். தமக்கு முன்னால் உங்களை வைத்திருக்கிறார்.

குப்பையும் அப்படித்தான். நான் இருந்த காலத்தில் அந்த மஞ்சள் பை இல்லை. 2006 அக்டோபரிலிருந்துதான் வீட்டுக் குப்பையை விலை கொடுத்து வாங்கும் பையில் போட வேண்டும் என்று கியோத்தோ நகராட்சி விதித்தது. பிரிக்காத பையை எடுக்காமல், காரணம் எழுதிய ஒரு சீட்டை ஒட்டி விட்டுப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டாரும் பை வைக்கும் இடத்தில் அது நாள் முழுதும் கிடந்தால், தலைகுனிவு அந்த வீட்டுக்கு. அம்மா தாமே பிரித்து வேறு பையில் போட்டிருக்க முடியும். என் வீட்டம்மா முதல் மாதம் முழுவதும் அப்படித்தான் செய்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். உங்களை அழைத்துச் செய்யச் சொன்னது, அந்தத் தெருவில் அவ்வீட்டின் பெயர் உங்கள் கையிலும் இருக்கிறது என்று கருதியதால்தான்.

சாப்பாட்டு மேசையில் உங்களுக்கென்றே ஒரு சோற்றுக் கிண்ணமும் ஒரு சோடிக் குச்சிகளும் இருக்கின்றனவா? அங்கே ஒவ்வொருவரின் கிண்ணமும் அவரவருக்கே உரியது. நீங்கள் கழுவி வைக்கும் கிண்ணத்தை வேறு யாரும் எடுப்பதில்லை என்றால் அது உங்களுடையது. காலையில் கிளம்பும்போது ‘இத்தே கிமாசு’ என்று சொல்லச் சொல்லியிருப்பார்கள். அது சொல்லுக்குச் சொல் நம்முடைய ‘போய் வருகிறேன்’. ‘போகிறேன்’ என்று மட்டும் சொன்னால் நம் பாட்டிகள் எப்படித் திருத்துவார்களோ, அதே அக்கறைதான் அதிலும் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது மிசோ சூப் ஒன்றுதான். அவர்கள் உங்களை விருந்தாளியாக நடத்துவதை விட்டுவிட்டார்கள். நீங்கள்தான் இன்னும் அவர்களிடம் விருந்தாளியாக நடந்துகொள்கிறீர்கள். அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை. ‘நிக்கு’, அதாவது இறைச்சி, வேண்டாம் என்று நீங்கள் சொன்னபோது, அந்தச் சொல்லில் மீன் அடங்கும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அதிலும் ‘தாஷி’ என்னும் அடிச்சாறு, காய்ந்து இறுகிய மீனைச் சீவலாகச் சீவி வெந்நீரில் இட்டு எடுப்பது. சமைப்பவரின் கண்ணுக்கு அதில் மீன் துண்டு எதுவும் இல்லை. நம் வீடுகளில் பெருங்காயத்தைத் தனியாகச் சொல்வோமா? அதைப்போலத்தான். ‘கட்சுவோபுஷி’ என்னும் அந்த மீன் சீவல் சேர்த்ததையும் நான் உண்பதில்லை என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். புத்த மடங்களின் சைவச் சமையல் பல நூற்றாண்டுகளாக வழங்கிவரும் நகரம் அது. ‘கொம்பு’ என்னும் கடற்பாசியிலும் உலர்ந்த ஷீத்தாகே காளானிலும் தாஷி எடுப்பது உங்கள் வீட்டம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஏழு வாரங்கள் குடித்தீர்கள் என்று அறிந்தால் அவர் வருந்துவார். அந்த வருத்தத்தை நீங்கள் தவிர்க்க முடியாது, எட்டாவது வாரமும் குடித்தால் அது இன்னும் பெரிதாகும். எனவே இன்றே சொல்லுங்கள். சொன்ன கையோடு, ஒரு துண்டுக் கொம்புவை இரவே தண்ணீரில் ஊறப்போட நீங்கள் உதவலாமா என்று கேளுங்கள். காலையில் அந்த நீரே தாஷியாகிவிடும்.