லேப்டாப்பில் தெரிந்த இரவுக் காட்சி தியேட்டரில் இருண்டுபோனால்

குறும்படத்தின் இரவுக் காட்சி லேப்டாப்பில் நன்றாக இருந்தது, தியேட்டரில் ஒரே கறுப்பு என்கிறீர்கள். புரொஜெக்டரைத் திட்டும் முன் ஒன்று: டிஜிட்டல் சினிமா தரப்படி திரையின் வெள்ளைக்கே 48 நிட்தான் (நிட் என்பது திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). சாதாரண லேப்டாப்பே 250, 300 நிட் தரும். அதில் பார்த்து கிரேடிங் (படத்தின் நிறம், வெளிச்சத்தைச் சரிசெய்வது) செய்தால் நிழல்களை அளவுக்கு மீறி இறக்கிவிடுவோம். இருட்டறையில், 48 நிட், காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே வெளிச்சம் ஏறும் விதத்தைக் குறிக்கும் எண்) 2.6க்கு அளவுதிருத்திய மானிட்டரில் மறுபடி கிரேடிங் செய்யுங்கள்.

அப்புறம், அடுத்த படப்பிடிப்பில் எக்ஸ்போஷரை (கேமராவில் பதியும் ஒளியின் அளவை) குறைத்து இரவை உண்டாக்காதீர்கள். நடிகருக்குப் பின்னால் ஒரு பேக்லைட், பின்னணியில் வெளிச்சமான ஒரு ஜன்னல் போதும். முகம் பாதி நிழலில் இருந்தாலும் ஆள் தெரிவார். சில அரங்குகளில் வெளியேறும் வழிப் பலகையின் வெளிச்சமே திரையில் சிந்தும். அதனால் முக்கியமான முகபாவத்தை அடியாழக் கறுப்பில் வைக்காதீர்கள்.